ராங்கியின் அடிப்பக்கம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்து பேரையும் வளர்த்தேன். ஐந்து என்று எழுதியதைப் பார்த்து யாரும் விரல் மடக்க வேண்டாம். நாலு பேர்தானே கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று கோவிலில் சில பெண்கள் வாய்க்குள் சொல்வது எனக்குத் தெரியும். எனக்கு எண்ணத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு எழுத்துப் பழகியது செபப் புத்தகத்தில். அதனால் கதைக்கும்போது ஒரு மாதிரியும், எழுதும்போது பூசையில் வாசகம் வாசிப்பது மாதிரியும் வரும்.

எழுதப் போவது ராங்கியைப் பற்றி. தண்ணீர் ராங்கி அல்ல, சங்கிலியில் ஓடிக் குண்டு அடிக்கிற சண்டை ராங்கி. அதிலும் உண்மையானது அல்ல. பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்து, பசை வைத்து ஒட்டினால் அரை இறாத்தல் பாண் அளவுக்கு வருகிற பிளாஸ்டிக் ராங்கி. எந்த நாட்டுப் பெட்டி நல்லது, எது காசைக் கரியாக்குவது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். இந்த மொன்றியலில் என் வயதில் அதைச் சொல்லக்கூடிய பெண் இன்னொருத்தி இருந்தால் வரட்டும், இருந்து கதைப்போம்.

என் கடைசி மகன் என்னோடு இருக்கிறான். அவனைக் கேட்டால் நான்தான் அவனோடு இருக்கிறேன் என்பான். சென்ட் லோரன்டில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. அவனுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து நிலைக்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய களஞ்சியம் ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினான். ஒருநாள் வண்டியோடு சரிந்து முதுகை முறித்துக்கொண்டான். வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவனை, கைக்கு ஏதாவது சின்ன வேலை கொடு என்று வைத்தியம் செய்கிற பெண் சொன்னாளாம். அடுத்த வாரம் கக்கத்துக்குள் ஒரு பெட்டியோடு படி ஏறி வந்தான். பெட்டியின் மேல் ராங்கிப் படம்.

"உலகத்திலை வேறை சாமான் இல்லையோடா?" என்றேன். "கப்பல் இருக்கும், வீடு இருக்கும். ஒரு மாட்டு வண்டில் செய்யன்."

"மாட்டு வண்டில் பெட்டியிலை வாறதில்லை அம்மா."

"வந்தா வாங்குவியோ?"

"மாட்டன்."

கோவிலில் இந்தக் கதை பரவியபோது ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, உங்கடை மோன் ராங்கி செய்யிறாராம். எங்கடை பேஸ்மன்ரிலை சுடுதண்ணி ராங்கி ஒழுகுது, ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோவன்" என்றாள். நான் சிரித்தேன். ராங்கி என்ற சொல்லுக்குள் எத்தனை சாமான் கிடக்கிறது என்று அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

இனி ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஐந்தாவது என்றால் எண்ணிக்கையில். பிறப்பில் அவன் நாலாவது. கடைசி மகனுக்கு நேர் மூத்தவன். இருவரும் ஒரு பாயில் படுத்து ஒரு கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மன்னார்ப் பக்கம் சண்டை முற்றியபோது நான் மற்றப் பிள்ளைகளோடு கோவில் முகாமுக்குப் போய்விட்டேன். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறோம் என்று இவர்கள் இருவரும் பின்னுக்கு நின்றார்கள். சில நாள் கழித்து இளையவன் மட்டும் வந்தான். உடம்பெல்லாம் மண், கழுத்தில் தீப்பட்ட புண். "அண்ணை எங்கையடா?" என்றேன். "வரேல்லை" என்றான். அதற்குமேல் பல மாதம் அவன் வாயில் சொல் இல்லை.

பிறகு இங்கே வந்தோம், நானும் அவனும் ஒன்றாக. அகதி விசாரணை நடந்தது. ஒரு சின்ன அறை, நீட்டு மேசை, கண்ணாடிக் குவளையில் தண்ணீர். மகன் கொஞ்சம் இங்கிலிஷ் படித்தவன், தானே சொல்கிறேன் என்றான். அவன் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்ல ஒரு ஐயாவை இருத்தியிருந்தார்கள். நல்ல மனிதர், ஊரில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்தவராம். என் காதோடு குனிந்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். "தானும் தமையனும் குளத்துக்குக் கீழ இருந்தவையாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "தான் வெளிக்கிட்டவராம். தமையன் வெளிக்கிடேல்லையாம்" என்றார்.

குளத்துக்குக் கீழே என்றால் எங்கள் பக்கத்தில் வயல். கட்டுக்குக் கீழே வாய்க்கால், வாய்க்கால் ஓரம் மருதமரம், அதற்கு அங்காலே காடு. வெளிக்கிடேல்லை என்றால் புறப்படவில்லை, அங்கேயே நின்றுவிட்டான் என்று அர்த்தம். நின்றவன் எங்கேயும் போயிருக்கலாம். காட்டுக்குள்ளால் போயிருக்கலாம், கடலால் இந்தியாவுக்குப் போயிருக்கலாம், பிடிபட்டு எங்காவது அடைபட்டுக் கிடக்கலாம். அந்த ஐயா அன்று எனக்கு ஒரு வயல்வெளியையே தந்துவிட்டுப் போனார். இருபத்தைந்து வருடமாய் என் பிள்ளை அந்த வயலில்தான் நின்றான்.

ஆகவே நவம்பரில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது என் புருஷனின் பெயரைக் கொடுப்பேன், என் தாய் தகப்பனின் பெயரைக் கொடுப்பேன். அவன் பெயரைக் கொடுத்ததில்லை. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அவருடைய சுரூபத்துக்கு முன்னால் செவ்வாய்தோறும் ஒரு மெழுகுதிரி. பனி முழங்கால் மட்டும் கிடந்தாலும் பஸ் ஏறிப் போவேன். பூசை வைக்கிற சுவாமியார் பலமுறை பார்த்துவிட்டு, "ஆருக்காக அம்மா?" என்று கேட்டார். "வரவேண்டிய ஒராளுக்காக" என்றேன். அன்று என்னோடு வந்திருந்த என் மகன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். 

இனிப் பெட்டிகளுக்கு வருகிறேன்.

முதலாவது பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கியது. மூடியின் நிறம் வெளிறியிருந்தது. மகன் குசினி மேசையில் பேப்பர் விரித்துத் துண்டுகளைப் பரப்பினான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் சொன்னேன், "உது கிழட்டு அச்சு."

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

பதினொரு வருடம் பிளாஸ்டிக் ஃபக்டரியில் நின்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? இங்கே வந்த கையோடு வேலை எடுத்தேன், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அடிப்பார்கள். வெளியே வருகிற மூடிகளிலும் கார்ச் சாமான்களிலும் ஓரத்தில் நிற்கிற பிசிறைக் கத்தியால் வழிக்கிறது எங்கள் வேலை. அச்சு புதிதாக இருந்தால் பிசிறு வராது. இரண்டு பக்கமும் கன்னத்தோடு கன்னம் வைத்தது போல் பொருந்தும். வயது போனால் விளிம்பு தேயும், நடுவில் நீக்கல் விழும், அதற்குள்ளால் பிளாஸ்டிக் கசிந்து மீன் செதிள் மாதிரி நிற்கும். பிசிறுக்கு அங்கே 'பவ்யூர்' என்பார்கள். நான் படித்த முதல் பிரெஞ்சுச் சொல் 'போன்ஷூர்', இரண்டாவது அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளின் மகள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்து எங்களோடு இருப்பாள். பன்னிரண்டு வயது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், வாய் நிற்காது. நான் பவ்யூர் என்றதும் தலை நிமிர்ந்தாள்.

"அம்மம்மா, அது வேறை. பொலிஸ் பிழையா ஆரையும் சுட்டாத்தான் பவ்யூர் எண்டு நியூஸிலை சொல்லுறவை. ஆமி பிழையா ஆக்களைச் சாகடிச்சாலும்."

"பதினொரு வருசம் நான் வழிச்சது பின்னை என்னவாம்?"

"எனக்குத் தெரியாது. பொலிஸை வழிச்சிருப்பீங்கள்."

வாயாடி. ஆனால் மகன் சிரிக்கவில்லை.

அந்தப் பழைய பெட்டியில் குறை ஒன்றல்ல. சங்கிலிக்குள் உருள்கிற சில்லுகளின் உட்பக்கம் குழி விழுந்திருந்தது. பிளாஸ்டிக் ஆறும்போது தடிப்பான இடம் உள்ளே இழுபட்டால் அப்படி வரும். சுடுகிற குழல் இரண்டு பாதியாக வந்தது, ஒட்டினால் முதுகில் தழும்பு. பக்கத்துக்கு ஐந்து சில்லு என்பது சரி, ஆனால் ஐந்தையும் பல்லு வைத்த மாதிரி ஒரே அளவு இடைவெளியில் வைத்திருந்தார்கள். மகன் அளவுகோல் எடுக்கவில்லை. பார்த்தவுடன் தள்ளி வைத்தான்.

"இந்த ராங்கியிலை முதலாம் சில்லுக்கும் ரெண்டாம் சில்லுக்கும் நடுவிலை பெரிய நீக்கல் இருக்கவேணும்" என்றான். பிறகு ராங்கியின் உடம்பைக் கவிழ்த்தான். அடித்தட்டில் சதுரமாய் ஒரு ஓட்டை. முந்திய காலத்தில் உள்ளே மோட்டர் வைத்து ஓடவிடுகிற பெட்டியாம், சுவிச்சுக்கு விட்ட ஓட்டை அது.

"அடி பிழை" என்றான்.

"அடி கிடக்கட்டும். மேலை எல்லாம் பிழையெல்லோ?"

அவன் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஜப்பான் பெட்டி. அதைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பிசிறு இல்லை. துண்டைத் துண்டோடு வைத்தால் நல்ல தச்சன் செய்த கதவு மாதிரிப் போய் இருக்கும், பசைகூடத் தேவையில்லை என்று தோன்றும். அச்சிலிருந்து தள்ளுகிற ஊசியின் வட்டத் தழும்பைக்கூட வெளியே தெரியாத பக்கத்தில் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு அச்சைச் செய்தவன் யாரோ, அவன் கைக்குப் பொன் காப்புப் போடலாம். சில்லு இடைவெளியும் சரி. எனக்குச் சந்தோசம். முடித்தாயிற்று, இனி இவன் வேறு வேலை பார்ப்பான் என்று நினைத்தேன்.

அவன் அதையும் கவிழ்த்தான். அடி வழுவழுவென்று இருந்தது, பீங்கான் தட்டைப் புரட்டிப் போட்டது மாதிரி.

"இதுவும் இல்லை."

"அடியை ஆர் பாக்கப் போகினம்? ராங்கியைக் கவிட்டு வைச்சோ வீட்டுக்கு வாற சனத்துக்குக் காட்டப் போறாய்?"

கழுத்தின் பின்பக்கத்தைச் சொறிந்தான். பழைய புண்ணின் தழும்பு அங்கே ஒரு ஐந்து சதக் காசு அளவுக்கு இருக்கிறது. ஓடிவந்த வழியில் எங்கோ நெருப்பில் பட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடிப்பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவன் கை அங்கே போகிறது என்பதைக் கண்டேன். கண்டும் ஒன்றையும் அதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது சீனப் பெட்டி. மூடியைத் திறந்தால் அரிசி கொட்டினது போல் துண்டுகள். சங்கிலியைக்கூட ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, வழித்து, கோர்க்கவேண்டும். என் கண்ணுக்கு அது வேலை இல்லை, தண்டனை. ஆனாலும் கத்தியை என்னிடம் தா என்று வாங்கினேன். அவனுக்குக் கொஞ்ச நேரம் குனிந்தால் முதுகு பிடித்துவிடும். நான் வழிப்பேன், அவன் ஒட்டுவான். அந்தப் பனிக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. வெளியே ரோட்டில் பனி அள்ளுகிற வண்டி கத்திக்கொண்டு போகும். அந்த இரும்புச் சத்தத்துக்கு அவன் கை அந்தரத்தில் நிற்கும். சத்தம் போன பிறகுதான் பசைப் போத்தலைத் தொடுவான். நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

சீனப் பெட்டியின் அடியில் வட்ட மூடிகள் போட்டிருந்தார்கள். ஆனால் அவை சட்டைப் பொத்தானை ஒட்டின மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவன் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தான். "இவ்வளவு வெளியாலை இல்லை. இது வேறை ஆரோ சொல்லிக் கேட்டுச் செய்தது" என்றான். அந்த ராங்கியையும் பாதியில் பெட்டிக்குள் போட்டான். எனக்குக் கோபம் வந்தது. பாதியில் விட்ட வேலை எனக்கு ஆகாது.

நாலாவது பெட்டி வர நெடுநாள் எடுத்தது. சண்டை நடக்கிற ஒரு நாட்டில் செய்ததாம். அங்கே உண்மை ராங்கிகள் ரோட்டில் ஓடுகிறபோது, யாரோ ஒரு பெண் ஃபக்டரியில் நின்று சின்ன ராங்கிக்குப் பெட்டி மடிக்கிறாள்.  பிளாஸ்டிக் நொறுநொறுத்தது, சட்டத்திலிருந்து வெட்டும்போதே சில துண்டுகள் உடைந்தன. பொருத்தம் ஜப்பான் பெட்டிக்குக் கிட்டவும் வராது. ஆனால் உள்ளுக்கு இயந்திரம், ஆட்கள் இருக்கிற கதிரை, குண்டு அடுக்குகிற தட்டு எல்லாம் வைத்திருந்தார்கள். அடித்தட்டைத் தனியாக ஒரு கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

ஒக்ரோபர் ஞாயிற்றுக்கிழமை. பூசையால் வந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டாயிற்று. மத்தியான வெயில் மேசைக்கு நேரே விழுந்தது. பேத்தி சோபாவில் போனோடு கிடந்தாள். அடித்தட்டை நான் கையில் எடுத்து வழிக்கத் தொடங்கினேன். ஓரங்களில் கொஞ்சம் பிசிறு, அவ்வளவுதான். இது மற்றவற்றைப் போல் தட்டை இல்லை. நடுவில் தாழ்ந்து ஓரத்தில் ஏறியது. வட்ட மூடிகள் தோலோடு தோலாய்ப் பதிந்து கிடந்தன. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு சின்னத் திருகாணி.

"நல்ல வேலைப்பாடு" என்றேன். "ஆனா ஒருத்தரும் பாக்காத இடத்திலை ஏன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாங்கள்?"

பாதி வழித்ததை என் கையிலிருந்து வாங்கினான். மேசையில் வைக்கவில்லை. தலைக்கு மேலே பிடித்து, அண்ணாந்து, கீழேயிருந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"இதுதான்" என்றான். "இதிலையிருந்துதான் ஒழுகினது." அந்தத் திருகாணியில் ஒரு விரல். மற்றக் கை கழுத்துத் தழும்பில்.

"என்ன ஒழுகினது?"

"சுடு எண்ணெய்."

"உனக்கெப்பிடியடா தெரியும்?"

"கீழ கிடந்தனான்தானே அம்மா."

"எங்கை கீழ?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்னம்மா புதுசாக் கேக்கிறியள்? ராங்கிக்குக் கீழ. விசாரணையிலை சொன்னனான். நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்."

"நீ குளத்துக்குக் கீழ எண்டெல்லோ சொன்னனீ."

"குளமோ? எந்தக் குளம்?"

"அந்த ஐயா சொன்னவர், குளத்துக்குக் கீழ இருந்தவையாம் எண்டு. நீ வெளிக்கிட்டனியாம், அவன் வெளிக்கிடேல்லையாம் எண்டு."

சோபாவில் கிடந்த பேத்தி எழும்பி இருந்தாள். "மாமா, ராங்க் எண்டா குளமுமோ?"

"ஊரிலை இங்கிலிஷிலை குளத்துக்கும் ராங்க் எண்டுதான் சொல்லுறது" என்றான் அவளுக்கு. சொல்லிக்கொண்டு போகும்போதே அவனுக்கு விளங்கியது. முகத்தில் விளங்கினதை நான் பார்த்தேன். சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. நாய் ஒன்று தொண்டையில் எலும்பு மாட்டிக் கக்குகிற சத்தம் அது.

"அப்ப உங்களுக்குத் தெரியாதோ?" என்றான். "இவ்வளவு காலமும்?"

"எனக்கு என்னத்தைத் தெரியும்? சொல்லு."

"நான் நினைச்சன் உங்களுக்குத் தெரியுமெண்டு. தெரிஞ்சும் மனம் ஏற்காமல்தான் மெழுகுதிரி கொளுத்திறியள் எண்டு. அம்மாவாக் கதைக்கட்டும் எண்டு இருந்தனான்."

"இப்ப கதைக்கிறன். சொல்லு."

சொன்னான். ரோட்டுக்கரையில் பதுங்குவதற்கு மண்ணில் வெட்டிய கிடங்கு ஒன்று, ஆள் நீளம்தான் இருக்குமாம். சத்தம் கேட்டு இருவரும் குதித்துப் படுத்தார்களாம். இவன் நடுவில், அவன் ஓரத்தில். முதலில் குதித்தவன் நடுவில், பிந்திக் குதித்தவன் ஓரத்தில், அவ்வளவுதான். ராங்கி கிடங்குக்கு மேலால் ஏறி நின்றுவிட்டது. முதலாம் சில்லுக்கும் இரண்டாம் சில்லுக்கும் நடுவில் உள்ள நீக்கலால் கொஞ்சம் வெளிச்சம் வந்ததாம். அந்த வெளிச்சத்தில் தமையனின் முகம் தெரிந்ததாம். பிறகு ராங்கி ஒரு பக்கமாகத் திரும்பியது. சங்கிலிக்குக் கீழ் இருந்த கரை இடிந்தது. வெளிச்சம் போனது.

"குரல் குடுத்தவனோ?" என்றேன்.

"ராங்கிச் சத்தத்திலை ஒண்டும் கேக்காது அம்மா."

"தோண்டிப் பாத்தனியோ?"

"கையாலை. பேந்து திரும்பவும் வாற சத்தம் கேட்டது. ஓடினன்."

"ஆர் அவனைப் புதைச்சது?"

"மண்தான்."

பேத்தி என்னிடம் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமிழ் முழுக்க விளங்கியதோ தெரியாது. விளங்க வேண்டியது விளங்கியிருக்கும். மகன் அழவில்லை. நானும் அழவில்லை. அழுவது எப்படியென்று இருபத்தைந்து வருடமாய் அவனுக்கு நான் காட்டவில்லை, எனக்கு அவன் காட்டவில்லை. அந்த வயலை நினைத்தேன். வாய்க்கால், மருதமரம், காடு. அதில் நின்ற பிள்ளை இப்போது இல்லை. வயல்தான் வெறுமையாய்க் கிடந்தது.

அந்த ஐயாவில் எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் குளம் கட்டினவர், அவருக்கு ராங்க் என்றால் குளம்தானே. ஆண்டவர் அந்த அறையில் வேறொருவரை இருத்தியிருந்தால் அன்றே என் பிள்ளை செத்திருப்பான். இருத்தவில்லை. அது இரக்கமா தண்டனையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடித்தட்டு மேசையில் கிடந்தது, ஒரு ஓரம் வழித்தபடி, மற்ற ஓரம் வழிக்காதபடி. மகன் அதை எடுத்துப் பெட்டிக்குள் போடப் போனான்.

"வை" என்றேன். "அதை இஞ்சை தா."

"வேண்டாம் அம்மா."

"தா எண்டனான்."

கத்தியை எடுத்தேன். என் பிள்ளையின் மேல் நின்ற இரும்பு வயிற்றின் பிசிறை ஓரம் ஓரமாய் வழித்து முடித்தேன். ஒரு இடத்தில்கூடக் கை வழுக்கவில்லை. துணியால் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான். முதுகு நோகும், நிமிரடா என்றேன். அவன் நிமிரவில்லை. அப்போதுதான் அவன் தோள் குலுங்கியதைக் கண்டேன். நான் எழும்பிப் போய் அவன் கழுத்துத் தழும்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பழக்கத்தில் கால் போனது. அந்தோனியாருக்கு முன்னால் நின்றேன், கையில் மெழுகுதிரி. கேட்க ஒன்றும் இல்லை. கண்டுபிடித்துத் தந்துவிட்டார். நான் இப்படிக் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். திரியைக் கொளுத்தாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நவம்பர்ப் பூசைக்குப் பெயர் கொடுக்க மகனும் என்னோடு வந்தான். பெயர் கொடுக்கிற நாளில் வழமையாகக் காரில் இருந்துவிடுபவன் அன்று உள்ளே வந்தான். புதுச் சுவாமியார், வயது குறைந்தவர், என் கதை தெரியாதவர். நான் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை இறந்தவர்களுக்குள் என் வாய் சொன்னது அதுதான் முதல் தரம்.

"உங்கடை ஆர் அம்மா?"

"மோன்."

"எப்ப இறந்தவர்?"

மகன் வாய் திறக்கப் பார்த்தான். நான் முந்தினேன். "சண்டைக்குள்ளை. எனக்குத்தான் போன ஒக்ரோபர்."

சுவாமியார் பெயரைக் கொப்பியில் எழுதினார். பூசையில் அந்தப் பெயர் என் புருஷனின் பெயருக்கு அடுத்ததாக வந்தது. மகன் என் பக்கத்தில் நேரே நின்றான்.

நாலாவது ராங்கியை அவன் முழுதாக ஒட்டவில்லை. சில்லுகள் போட்டான், சங்கிலி போட்டான், குழல் நிற்கிற மேல்தலையைப் பூட்டவில்லை. அலுமாரித் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறான், அடி மேலே தெரிய. வீட்டுக்கு வருகிறவர்கள் விழுந்து கிடக்கிறது என்று நிமிர்த்தி வைக்கப் போவார்கள். விடுங்கோ, அது அப்படித்தான் என்பேன். வெள்ளிக்கிழமைகளில் தூசி தட்டும்போது நான் அதைத் தொடுவதில்லை, சுற்றித்தான் துடைப்பேன். ஐந்தாவது பெட்டி என்று ஒன்று வரவில்லை. இப்போது மகன் சும்மா இருக்கிறான். சில நாள் சுவரைப் பார்க்கிறான். சில நாள் தமையனைப் பற்றி ஒரு சொல் சொல்கிறான். மாடு அவிழ்க்கும்போது பாடினவன், கிடங்கில் செருப்புக் கழன்றது, அப்படி. சொல்லி முடித்த பிறகு இரவுச் சாப்பாட்டை மிச்சம் விடுவான்.

யாராவது என்னைக் கேட்டால், பொருத்தத்துக்கு ஜப்பான், பொறுமை சோதிக்கச் சீனம், பழைய பெட்டியைக் கையால் தொடவேண்டாம். மெய்யாக இருப்பது நாலாவது பெட்டி. அதை வாங்குங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

எழுதி முடித்துவிட்டேன். கண்ணாடி போட்டும் என் எழுத்து எனக்கே நடுங்குகிறது. பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், இழுத்து இழுத்தாவது வாசிப்பாள். இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"எல்லாத்தையும் வாசிக்கவோ அம்மம்மா? கனக்கக் கிடக்கு."

"எல்லாத்தையும். மேலையிருந்து. எத்தினை பிள்ளையள் எண்டு எழுதியிருக்கிறன் எண்டு முதலிலை வாசி, நான் கேக்கவேணும்."